ஓய்வுநாளில் கோதாவரி

"காய்ச்சல்னு சொன்னே, உடம்பு பச்சத்தண்ணியா இருக்கு. இப்ப வயித்துவலிங்கே. எதுலே நெசம்?"

சிலாஸின் நெற்றியிலிருந்து கையை எடுத்தாள் அம்மா ஜெயசுந்தரி.

"வயித்துவலிதாம்மா."

அது தப்பான பதில். அடுத்த நிமிடமே விளக்கெண்ணெய்ப் புட்டி வந்துவிட்டது. மூக்கைப் பிடித்து இரண்டு கரண்டி ஊற்றினாள்.

சிலாஸ் சரித்திர, பூகோள ஆசிரியர் பயிற்சி படிப்பவன். ஹைதராபாதில் நிஜாம் சர்க்கார் பள்ளிக்கூடம் ஒன்றில், எக்ஸாமினர் முன்னிலையில் அவன் பாடம் நடத்திக் காட்ட வேண்டிய நாள் அது. தேறினால் சிகந்தராபாத் மிஷன் பள்ளியில் வேலை தயார். தவறினால் அந்த நாற்காலியில் வேறு ஆள். சங்கடம் என்னவென்றால், சர்க்கார் பள்ளிக்கு விடுமுறை வெள்ளிக்கிழமை. பரீட்சை வைத்திருந்ததோ ஞாயிற்றுக்கிழமை. அப்பா ஆர்தர் சபை மூப்பர். ஞாயிறன்று செருப்புக்குப் பாலீஷ் போடுவதையே பாவம் என்பவர்.

அவர் பைபிளோடு வந்து நின்றார். "படுத்துக் கெட. சபையில உனக்காக ஜெபம் பண்ணச் சொல்லுதேன்."

"வேண்டாம்ப்பா, சின்ன வலிதான்."

"சின்ன வலின்னா எந்திரிச்சுக் கோயிலுக்கு வா."

"ஐயோ, பெரிய வலிப்பா!"

"அப்படியா? ஆராதனை முடிஞ்சதும் சபையையே இங்க கூட்டிட்டு வாரேன்."

அப்பாவும் அம்மாவும் கோயிலுக்குக் கிளம்பித் தலை மறைந்ததும் சிலாஸ் சைக்கிளில் பறந்தான். ஹுசேன் சாகர் கரையைத் தாண்டுகையில் விளக்கெண்ணெய் தன் வேலையைத் தொடங்கியது. பள்ளி வாசலில் யாரையும் விசாரிக்க நேரமில்லை. நேரே தனக்குக் குறித்திருந்த வகுப்புக்குள் ஓடினான்.

கடைசி பெஞ்சில் ஷெர்வானியும் குஞ்சம் வைத்த ரூமித் தொப்பியுமாக ஒரு பெரியவர், மடியில் தோல்பையோடு அமர்ந்திருந்தார். சிலாஸ் சலாம் வைத்தான். அவர் தலையசைத்தார். பையன்கள் மூச்சுக்கூட விடவில்லை. இப்படி ஓர் அடக்கத்தை அவன் எந்த வகுப்பிலும் கண்டதில்லை.

கோதாவரியைக் கரும்பலகையில் வரைந்தான். நாசிக் பக்கம் உற்பத்தியான நதியை, வயிறு படுத்திய பாட்டில், நாலே வாக்கியத்தில் கடலில் சேர்த்துவிட்டான்.

"பாடம் முடிஞ்சது. சந்தேகம் இல்லையே?"

எல்லாக் கைகளும் உயர்ந்தன.

"மாஸ்டர் சாப், கோதாவரியில முதலை உண்டா?"

"உண்டு."

"என்ன தின்னும்?"

"மீன்."

"மீன் கிடைக்காட்டி?"

"பட்டினி கிடக்கும்! உட்காரு!"

"அதுக்கு எத்தனை பல்லு, சாப்?"

முழங்கால்களை ஒட்டவைத்துக்கொண்டு, வியர்வை வழிய, சிலாஸ் முதலையின் பல்லிலிருந்து கிருஷ்ணா நதிக்கும், அங்கிருந்து துங்கபத்திரைக்கும் இழுத்துச் செல்லப்பட்டான். மாணவருக்கு இவ்வளவு அறிவுத் தாகம் உண்டாகும் என்று பயிற்சிப் புத்தகத்தில்கூட எழுதியிருக்கவில்லை. பெரியவர் கடிகாரத்தைப் பார்ப்பதும் புன்னகைப்பதுமாக இருந்தார். வேலை கைக்கு வந்தாயிற்று என்று சிலாஸ் நினைத்தான். வயிறு மட்டும் கொஞ்சம் பொறுத்தால் போதும்.

கடைசியில் அவர் எழுந்து தோல்பையைத் திறந்தார். வகுப்பு முழுதும் அலறியது.

"நக்கோ, வேணாம், மாஸ்டர் சாப்! இன்னொரு நதி சொல்லுங்க! ஒரே ஒரு நதி!"

சிலாஸ் பூரித்துப்போய், கைகட்டி அவர் முன் நின்றான். "பாடம் எப்படி, சாப்?"

"பிரமாதம்," என்றார் பெரியவர், ஸ்பிரிட் விளக்கைப் பற்றவைத்தபடி. "இவங்களைச் சட்டைக் கையை மேலே ஏத்தச் சொல்லுங்க."

அப்போது பள்ளிச் சேவகன் அப்துல் ரஹீம் மூச்சிரைக்க ஓடிவந்தான். "உங்களைத்தான் சாப் வாசல்ல தேடிட்டிருக்கேன்! இவரு அம்மை குத்த வந்தவரு. எக்ஸாமினர் சாப் உங்களை மாதிரியே தமிழ்க் கிறிஸ்தவரு, ஞாயித்துக்கிழமை வேலை பார்த்தா பாவம்னு பரீட்சையை நாளைக்குத் தள்ளிட்டாரு!"