ஊறவைத்த வாழைப்பழமும் வருங்கால மாமனாரும்

பெண் கேட்டுப் போகிறவன் ஸ்வீட் பாக்ஸோடு போவதுதான் உலக வழக்கம். நான் அழுகிய வாழைப்பழத்தோடு போனேன்.

கவிதாவும் நானும் கல்யாணம் செய்துகொள்வதென்று முடிவெடுத்திருந்தோம். சந்தவாசலில் சிமெண்ட் கடை வைத்திருக்கும் அவள் அப்பாவுக்கு என் வேலையில் குறையில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பறவை, பட்டாம்பூச்சி, அந்துப்பூச்சி என்று நான் மலையில் அலைவதுதான் உதைத்தது.

"பூச்சி பின்னாடி ஓடுறவன் பொண்ண இன்னாத்த பாத்துக்குவான்?" என்றாராம்.

"நீயே ஒரு தபா கூட்டிக்கினு போய் காட்டு," என்றாள் கவிதா.

மே மாத வெயில். பூச்சி எதுவும் வராவிட்டால்? நொதித்த பழத்துக்குச் சில பட்டாம்பூச்சிகள் ஓடிவரும். கனிந்த வாழைப்பழம், வெல்லம், ஒரு கருவாட்டுத் தலை (இந்தத் தலை என் சொந்தக் கண்டுபிடிப்பு) எல்லாவற்றையும் பிசைந்து எவர்சில்வர் பாட்டிலில் அடைத்தேன். மூடியை இறுக்கித் திருகி மொட்டை மாடி வெயிலில் சில நாள் ஊறவிட்டேன்.

கவிதா, அவள் அப்பா, நான் மூவரும் ஜமுனாமரத்தூர் பஸ் ஏறினோம். மலை வளைவுகளில் அவருக்குத் தாகம். நான் ஜன்னல் வழியே கவிதாவுக்கு ஏதோ குருவியைக் காட்டிக்கொண்டிருந்தபோது, என் பையிலிருந்த பாட்டிலை எடுத்துத் திறந்துவிட்டார்.

டப்!

மூடி பஸ் கூரையில் மோதியது. மிச்சமெல்லாம் அவருடைய வெள்ளைச் சட்டையில், மீசையில், முன் சீட்டுக்காரரின் கழுத்தில். பிறகு வாசம் கடைசி சீட் வரை போய்ச் சேர்ந்தது.

"யோவ், இன்னாய்யா அது? எறங்கு, மொதல்ல எறங்கு!" என்று கத்திய கண்டக்டர், மூக்கைப் பொத்தியபடியே விசில் ஊதினார். (அப்படி ஊத முடியும் என்பதே அன்றுதான் தெரிந்தது.)

நடுமலையில் நின்றோம். அவர் மீசையை முகர்ந்து பார்த்து முகம் சுளித்தார். சமாளிக்கலாமென்று கம்பியில் இருந்த இரட்டைவால் குருவியைக் காட்டினேன். பதற்றத்தில் பெயர் மறந்துபோயிற்று.

"அங்க பாருங்க மாமா, அது வந்து... காக்கா."

"காக்கா எங்க வூட்டுக் கூரைலயே கீதுப்பா."

பக்கத்து ஓடையில் சட்டையைக் கழற்றாமலே அலசக் குனிந்தார். அப்போதுதான் பழுப்பு நிறத்தில் அகலமான பட்டாம்பூச்சி ஒன்று வந்து அவர் தோளில் அமர்ந்து உறிஞ்சத் தொடங்கியது. பின்னாலேயே இன்னொன்று. கொஞ்ச நேரத்தில் மனிதர் பூத்த மரம் மாதிரி நின்றார். மீசையிலும் ஒன்று.

உதடு அசையாமல் முணுமுணுத்தார்.

"மாப்ள... கூசுது மாப்ள... ஆனா நான் அசைய மாட்டேன். சீக்கிரம் போட்டா புடி!"

மாப்ள! அந்தக் குஷியில் எடுத்துத் தள்ளினேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் அத்தனையும் செல்ஃபி. எல்லாவற்றிலும் பிளந்த என் வாய்தான், கடைவாய்ப் பல் வரை துல்லியமாக.

கல்யாணம் நடந்தது. அந்தச் சட்டையின் வாசம்தான் எந்த சோப்புக்கும் போகவில்லை. மாமனார் அதைத் தூக்கிப் போடவும் விடவில்லை. ஞாயிறுதோறும் அதையே மாட்டிக்கொண்டு என்னோடு மலைக்கு வருகிறார். பட்டாம்பூச்சிகள் என்னைக் கண்டுகொள்வதேயில்லை, நேரே அவரிடம் போகின்றன.

"ஒங்க மாப்பிள்ளைக்கு பூச்சி, பறவ எல்லாம் தெரியுமாமே?" என்று யாராவது உறவினர் கேட்டால், மாமியார் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொல்வார்:

"அவுரா? அவுரு சும்மா, எங்க வூட்டுக்காரருக்கு பை தூக்கிக்கினு போறாரு."