குற்றாலிங்கத்தின் தம்பி

எல்லாரும் சுகமாக இருக்கிறீர்களா? காய்ச்சல், தொண்டைக் கரகரப்பு ஒன்றும் இல்லையே? இருந்தால் ஒரு வாய் வெந்நீர் குடித்துவிட்டு வந்து உட்காருங்கள். கொரோனா வந்த முதல் கோடையில், சங்கரன்கோவிலில் ஒரு மனிதர் தன் சொந்த வீட்டிலேயே பதினான்கு நாள் செத்துக் கிடந்த கதை இது.

"அண்ணாச்சி, எப்ப எடுக்கீக?"

கேட்டுக்கு வெளியே நின்று இப்படிக் கேட்டவன் பேச்சிராஜா. வி.ஏ.ஓ. ஆபீஸ் உதவியாளர். இளையரசனேந்தல்காரன், வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகிறது. இந்த ஊரில் அவனுக்கு ஒருவரையும் தெரியாது.

கேட்டுக்கு உள்ளே நின்றவர் குற்றாலிங்கம். வயது எழுபத்திரண்டு. அரசு அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். படிக்காமல் ஒரு காகிதத்தில்கூடக் கையெழுத்துப் போட்டதில்லை என்பது அவருடைய பெருமை. கல்யாணப் பத்திரிகை கொடுத்தால்கூட அடியில் இருக்கும் அச்சகத்தின் பெயர் வரை வாசித்துவிட்டுத்தான் "சந்தோசம்" என்பார்.

"எதை எடுக்க?" என்றார்.

"பாடியத்தான். சென்னையிலருந்து சங்கரகணேஷ்னு ஒருத்தரு துட்டிக்கு வாராருன்னு பாஸ் எடுத்திருக்காரு. குற்றாலிங்கம் வீடு இதான? இருவது பேருக்கு மேல கூடக்கூடாது. அதச் சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

அந்தக் கோடை உங்களுக்கு நினைவிருக்கும். ஒரு மாவட்டத்திலிருந்து இன்னொரு மாவட்டத்துக்குப் போக பாஸ் வேண்டும். கல்யாணம், சாவு, வைத்தியம், இந்த மூன்றுக்குத்தான் பாஸ். சங்கரகணேஷ் அவருடைய ஒரே மகன். ஒன்றரை வருடமாக ஊருக்கு வரவில்லை. சென்னையில் தீப்பெட்டி போன்ற வீட்டில் பெண்டாட்டியும் ஆறு வயது மகளுமாக அடைந்து கிடந்தான். நாள் முழுக்க ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டு, பிள்ளை தூக்கத்தில்கூட அதே மாதிரி ஊளையிடுகிறது என்று போனில் சொன்னான். பிறகு ஒருநாள், "வழி கெடச்சிட்டுப்பா, வாரோம்" என்றான். என்ன வழி என்று குற்றாலிங்கம் கேட்கவில்லை. பெரிய அதிகாரி யாரையோ பிடித்திருக்கிறான் என்று உள்ளுக்குள் பூரித்துப் போயிருந்தார்.

பேச்சிராஜா காகிதத்தை நீட்டினான். குற்றாலிங்கம் பின்னால் நகர்ந்தார். அந்த வீட்டில் அப்போது எந்தக் காகிதத்தையும் யாரும் தொடுவதில்லை. செய்தித்தாள்கூட மூன்று மணி நேரம் மொட்டை மாடி வெயிலில் காய்ந்துதான் உள்ளே வரும். கண்ணாடி வேறு மேசைமேல் இருந்தது. ஆறடி தூரத்திலிருந்து கண்ணை இடுக்கிப் பார்த்தார். கொட்டை எழுத்தில் இரண்டு சொற்கள் மட்டும் தெரிந்தன. மேலே 'இறப்பு'. கீழே 'குற்றாலிங்கம்'.

உயிரோடிருக்கிற அப்பனைச் சாகடித்துவிட்டுப் பாஸ் வாங்கியிருக்கிறான் மகன்.

நான்தான் குற்றாலிங்கம், குத்துக்கல்லாட்டம் நிற்கிறேன் என்று சொல்லிவிடலாம். சொன்னால் பாஸ் ரத்தாகும், மகன் மேல் கேஸ் வரும். காரோ திருச்சியைத் தாண்டிவிட்டது. பேத்தி நடுரோட்டில் நிற்கும்.

"நீங்க யாரு அண்ணாச்சி?" என்றான் பேச்சிராஜா.

"நானா? நான் செத்துப்போன குற்றாலிங்கத்துக்குத் தம்பி."

குற்றாலிங்கத்துக்குத் தம்பி கிடையாது.

பேச்சிராஜா மரியாதையாகத் தலையைக் குனிந்துகொண்டு தன் நோட்டில் 'இறந்தவர் குற்றாலிங்கம்' என்று எழுதினான். காய்ச்சல் ஏதும் இருந்ததா என்று விசாரித்தான். காய்ச்சல் இல்லை, நெஞ்சுவலி என்றார் இவர். சொல்லும்போதே நெஞ்சு நிஜமாகவே வலித்தது. பாடி எங்கே என்றான். சொந்த ஊர் கரிவலம்வந்தநல்லூர், விடியுமுன்பே கொண்டுபோய் முடித்தாயிற்று என்றார். முப்பத்துநாலு வருட அரசு வேலையில் சொல்லாத பொய்களை நாலு நிமிடத்தில் சொல்லி முடித்தார்.

அந்த நேரம் பார்த்து அவர் மனைவி காந்திமதியம்மாள் ஒரு டம்ளர் மோரோடு வாசலுக்கு வந்தார். வெயிலில் வருகிறவர் யாரானாலும் அந்த அம்மாளுக்கு மோர் கொடுத்தாக வேண்டும். நடந்த பேச்சைக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டிருந்தார் போல. ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். குற்றாலிங்கம் முறைத்தார். அம்மாள் வாயை மூடிக்கொண்டார். நாற்பத்துநாலு வருடப் பழக்கம்.

பேச்சிராஜா மோரை வாங்கிக்கொண்டு அந்த அம்மாளின் நெற்றியைப் பார்த்தான். காலணா அகலத்தில் குங்குமம். கழுத்தில் தாலி. தலையில் பிச்சிப்பூ.

"இவுக யாரு? இறந்தவுக சம்சாரமா?"

சம்சாரம் என்றால் பொட்டை ஏன் அழிக்கவில்லை என்பான். தம்பி மனைவி என்று சொல்லியிருக்கலாம். அது குற்றாலிங்கத்துக்கு அரை மணி நேரம் கழித்துத்தான் தோன்றியது.

"இல்லல்லா. அது சமையலுக்கு வந்த அம்மா."

அன்று மத்தியானம் ரசத்தில் உப்பு இல்லை. ஏன் என்று கேட்கிற தைரியம் அவருக்கும் இல்லை.

சாயங்காலம் கார் வந்தது. பின்னாலேயே பேச்சிராஜாவும் வந்தான். சென்னையிலிருந்து வந்தவர்கள் இருக்கிற வீடு என்பதால் கதவில் நோட்டீஸ் ஒட்டினான். பதினான்கு நாள் யாரும் வெளியே போகக்கூடாது. மகன், மருமகள், பேத்தி, தம்பி, சமையல்கார அம்மா என்று ஐந்து பேரை எழுதிக்கொண்டான். நகராட்சி ஆட்கள் வாசல் முழுக்கப் பிளீச்சிங் பவுடர் தூவிவிட்டுப் போனார்கள்.

மகன் உள்ளே வந்ததும், "அப்பா, அந்தப் பாஸ் விசயம்..." என்று ஆரம்பித்தான்.

"அந்தப் பேச்ச இந்த வீட்டுல ஒருத்தரும் எடுக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டுக் குற்றாலிங்கம் பின்கட்டு அறைக்குள் போய்ப் படுத்துக்கொண்டார். ஒன்றரை வருடம் பார்க்கக் காத்திருந்த மகனின் முகத்தைப் பார்க்க அவரால் முடியவில்லை. ஒரு படிவத்தில் அப்பன் பேரை எழுதி, பக்கத்தில் 'இறப்பு' என்று எழுதுகிறபோது அந்தக் கை கொஞ்சமாவது நின்றதா, இல்லையா? அதுதான் அவருக்குத் தெரிய வேண்டும். கேட்கத்தான் வாய் வரவில்லை. பேத்தி கதவிடுக்கில் எட்டிப் பார்த்து, "தாத்தாவுக்குக் கொரோனாவா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

பிளீச்சிங் பவுடர் தெருவுக்குச் செய்தி சொல்லிவிட்டது. மறுநாள் காலையில் பேச்சிராஜாவிடம் விசாரித்துக்கொண்டு, எதிர்வீட்டு ஓய்வுபெற்ற தலைமையாசிரியை கிருபாபாய் டீச்சர் கேட்டுக்கு வெளியே வந்து நின்றார். இரண்டு முகக்கவசம் போட்டுக்கொண்டு சத்தமாக ஜெபம் பண்ணினார். குற்றாலிங்கம் பின்கட்டில் படுத்தபடி அதைக் கேட்டார். நேர்மையான மனிதர், பிறத்தியார் பொருளுக்கு ஆசைப்படாதவர் என்று வந்தபோது எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"எங்க வீட்டு முருங்க மரத்த வெட்டச் சொல்லி நகராட்சிக்கு ஏழு மனு போட்டாரு ஆண்டவரே. அதையும் மன்னிச்சிருங்க" என்று டீச்சர் முடித்தபோது மறுபடி படுத்துக்கொண்டார்.

ஒன்பது மனு. அதைத் திருத்தக்கூட வழியில்லை.

அதற்குப் பிறகு போன் ஓயவில்லை. பழைய ஆபீஸ்காரர்கள் அழுதார்கள். காந்திமதியம்மாள்தான் எடுத்து, "ஆமா, ஆமா, திடீர்னுதான்" என்று சொல்லிச் சொல்லிக் குரல் கம்மிப்போனார். கேட்டில் மாலைகள் தொங்கின. தெருக்கோடித் தபால்கார இஸ்ரேல், இவரோடு இருபது வருடம் டீக்கடைக்கு நடந்தவர், ரோஜா மாலை ஒன்றைக் கொண்டுவந்து மாட்டிவிட்டு வெகுநேரம் வெயிலில் நின்றார். முன்னறை ஜன்னல் இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த குற்றாலிங்கத்துக்கு, ஓடிப்போய் அந்த மனிதரின் தோளைத் தொடவேண்டும் போல இருந்தது. தெருவுக்கு அவர் செத்தவர். ஆபீஸுக்கு அவர் தம்பி. இரண்டு பேரில் ஒருவர்கூட வெளியே போக முடியாது.

நாலாம் நாள் ராயகிரியிலிருந்து தங்கை பூமாரி பக்கத்து வீட்டுக்காரரின் பைக்கில் வந்து இறங்கினாள். தெருமுனையிலேயே மார்பில் அடித்துக்கொண்டு ஆரம்பித்துவிட்டாள். கேட்டைப் பிடித்துக்கொண்டு ஒப்பாரி வைக்கும்போது, ஜன்னலில் அண்ணன் கைகூப்பி நிற்பது கண்ணில் பட்டது. பக்கத்தில் பேச்சிராஜா நோட்டோடு நிற்கிறான். பூமாரி கெட்டிக்காரி. ராகம் மாறாமல் பாடினாள்:

"என் கூடப் பொறந்த கோமானே, சன்னலுல தெரியுதியே, இந்தத் தீ வெயிலுல என்ன வரவச்சியே, நீ நிசமாவே போகையில நான் வரவே மாட்டேனே..."

பேச்சிராஜா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ரொம்பப் பாசம்லா அண்ணாச்சி. ஒங்களுக்கும் தங்கச்சிதான, வெளிய வந்து ஒரு வார்த்த ஆறுதல் சொல்லுங்க" என்றான்.

"நான் தனிமைல இருக்கேன்லா" என்றார் குற்றாலிங்கம்.

பூமாரி காந்திமதியம்மாள் கையால் மோர் வாங்கிக் குடித்துவிட்டு, அண்ணனைத் திரும்பியும் பார்க்காமல் போய்விட்டாள்.

ஒன்பதாம் நாள் தபால்கார இஸ்ரேல் நிஜமாகவே போய்ச் சேர்ந்தார். காய்ச்சல் என்று கொண்டுபோனார்கள், திரும்ப வீட்டுக்கு வரவில்லை. ஆம்புலன்ஸ் தெருவில் மெதுவாக வந்து, அவர் வீட்டு முன்னால் ஒரு நிமிடம் நின்று, அப்படியே கல்லறைத் தோட்டத்துக்குப் போய்விட்டது. உடம்பு முழுக்க மூடிய நாலு பேர் மட்டும் அதில் இருந்தார்கள். ஒரு மாலை கிடையாது. கிருபாபாய் டீச்சர் தன் வீட்டு மாடியில் நின்று ஜெபம் பண்ணியது யாருக்கும் கேட்கவில்லை. சாகாத குற்றாலிங்கத்தின் கேட்டில் ஏழு மாலைகள் காய்ந்து தொங்கின. அவற்றில் ஒன்று இஸ்ரேல் போட்டது. அன்று குற்றாலிங்கம் சாப்பிடவில்லை. காந்திமதியம்மாள் தட்டை எடுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் வைத்துவிட்டு, சுவரோரம் உட்கார்ந்திருந்தார்.

உங்கள் வீட்டிலும் அந்தக் கோடையில் பாஸுக்காக யாரையாவது சாகடித்திருப்பீர்கள். யாரை, ஏன் அவரை என்று எனக்கு மறக்காமல் எழுதுங்கள். ஆனால் இந்த வீட்டுக் கணக்கு எப்படி முடிந்தது என்று தெரிந்துகொண்டு எழுதுங்கள்.

பதினான்காம் நாள் காலையில் குற்றாலிங்கம் மகனைக் கூப்பிட்டார். இஸ்ரேல் போனதிலிருந்து அவருக்கு மனசு இளகியிருந்தது. கோபத்தை வைத்துக்கொண்டு செத்துப்போனால் என்ன செய்வது?

"ஏலே, அப்பன் பேர அதுல எழுதுறதுக்கு ஒனக்குக் கை வந்துச்சா?"

சங்கரகணேஷ் திகைத்து நின்றான். "அப்பா, அது..." என்றவன் சமையலறைப் பக்கம் பார்த்தான். அங்கே நின்ற காந்திமதியம்மாள், வேண்டாம் என்பதுபோல் லேசாகத் தலையை ஆட்டினார். அவன் வாயை மூடிக்கொண்டான்.

"தப்புத்தாம்ப்பா" என்றான் பிறகு.

"சரி விடு. பிள்ளைக்காகத்தான செஞ்ச. அப்பன்னா இதக்கூடத் தாங்க மாட்டானா?" என்றார் குற்றாலிங்கம். பேத்தியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். பதினான்கு நாளுக்குப் பிறகு வாசல்பக்கம் வந்து, ராஜா மாதிரி நாற்காலியில் உட்கார்ந்தார். குடும்பத்துக்காக உயிரையே கொடுத்த மனிதரின் களை அவர் முகத்தில் இருந்தது.

பேச்சிராஜா வந்து நோட்டீஸைக் கிழித்தான். வழக்கம்போல் காந்திமதியம்மாள் மோர் கொண்டுவந்தார். வழக்கம்போல் அவனும், "ஆச்சி கைப்பக்குவமே தனிதான்" என்று வாங்கிக் குடித்தான். பிறகு ஃபைலைத் திறந்து, எல்லாம் முடிந்தது, தம்பி என்ற முறையில் ஒரு கையெழுத்துப் போட்டால் போதும் என்றான்.

குற்றாலிங்கத்துக்குப் பழைய மிடுக்கு திரும்பியிருந்தது.

"படிக்காம நான் போடமாட்டேன். ஆனா தொடமாட்டேன். நீயே வாசி."

பேச்சிராஜா பாஸ் காகிதத்தை விரித்து வாசித்தான். பாஸ் எடுத்தவர் சங்கரகணேஷ். பயணக் காரணம் இறப்பு. போகவேண்டிய முகவரி குற்றாலிங்கம் வீடு, சங்கரன்கோவில். அடுத்த வரிக்கு வந்ததும் நிறுத்தினான். தன் நோட்டைப் பார்த்தான். மறுபடி காகிதத்தைப் பார்த்தான். காலி டம்ளரை அந்த அம்மாளிடம் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

"அண்ணாச்சி, இதுல செத்தது குற்றாலிங்கம்னு இல்லையே, காந்திமதியம்மாள்னுல்லா போட்டிருக்கு. அது யாரு?"