கேஸ் மாட்டினேன், கேஸில் மாட்டவில்லை

மரியாதைக்குரிய பெரிய மச்சான் அவர்களுக்கு,

தங்கள் தங்கையின் கணவன் வணக்கத்தோடு எழுதிக்கொள்வது. இங்கே நான், தங்கள் தங்கை, வேன், மூவரும் சௌக்கியம். அங்கே தாங்களும் அக்காவும் சௌக்கியமாக இருப்பீர்கள். தங்கள் வக்கீல் நண்பரும் சௌக்கியமாக இருக்கட்டும், ஆனால் அங்கேயே இருக்கட்டும். அவரைக் கூட்டிக்கொண்டு ரயில் ஏறிவிடாதீர்கள் என்று சொல்லத்தான் இவ்வளவு அவசரமாக எழுதுகிறேன்.

நான் எந்தக் கேஸிலும் மாட்டவில்லை, மச்சான். யாரையும் இடிக்கவில்லை, யாரும் என்னைத் தேடவில்லை. நடந்தது இவ்வளவுதான்: வண்டியை மாற்றிய புதிதில் தங்கள் தங்கை போனில் அழுதுகொண்டே, "அண்ணா, இவரு வண்டியில கேஸ் மாட்டிட்டாருண்ணா" என்று சொல்லியிருக்கிறாள். அது தங்கள் காதில் "கேஸ்ல மாட்டிட்டாரு" என்று விழுந்திருக்கிறது. தாங்கள் வக்கீலுக்கும் சேர்த்து ரயில் டிக்கெட் எடுத்துவிட்டது இன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. ஒரு 'ல' இடம் மாறியதில் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிற நான் குற்றவாளி ஆகிவிட்டேன். போனில் விளக்கப் போனால் இன்னொரு எழுத்து இடம் மாறிவிடுமோ என்று பயந்துதான் கடிதம் எழுத உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகுதான் தெரிகிறது, அடுப்பில் எரிகிற கேஸுக்கும் கோர்ட்டில் இழுக்கிற கேஸுக்கும் எழுத்திலும் வித்தியாசம் கிடையாது! ஆகவே எரிவதை எரிவாயு என்றும் இழுப்பதை வழக்கு என்றும் எழுதுகிறேன். மனிதர்கள் வாயைத் திறக்கும் இடத்தில் மட்டும் அவர்கள் சொன்னபடியே விட்டுவிடுகிறேன், ஏனென்றால் வினையெல்லாம் அங்கேதான்.

பள்ளிக்கூட வேன்கள் எல்லாம் எரிவாயுவுக்கு மாற வேண்டும், மாறாத வண்டியில் பிள்ளைகளை ஏற்ற முடியாது என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள். சரி என்று மெக்கானிக்கிடம் விட்டு, பின்சீட்டுக்கு அடியில் சிலிண்டரைப் பொருத்திக்கொண்டு வந்து, வாசலில் நிறுத்திப் பெருமையாக ஹாரன் அடித்தேன். தங்கள் தங்கை வந்து குனிந்து பார்த்தாள். "சமையல்கட்டுல ஒண்ணை வச்சிக்கிட்டே நான் பயந்து செத்துக்கிட்டிருக்கேன். நீங்க பிள்ளைங்களுக்கு அடியில கொண்டுபோய் வைக்கிறீங்களா?" என்றாள். "அது வேற, இது வேற. இது இயற்கை எரிவாயு, காத்தை விட லேசு. கசிஞ்சாலும் மேலே போயிடும்" என்று மெக்கானிக் சொன்னதை அப்படியே ஒப்பித்தேன். "யாரு மேலே போறதுன்னுதான் கேக்குறேன்" என்றாள். அன்றிலிருந்து வேனில் ஏறவே இல்லை. காய்கறிக் கடைக்கு அவள் நடந்து போவதும், பின்னாலேயே நான் காலி வேனை உருட்டிக்கொண்டு "ஏறிக்கோம்மா, ஏறிக்கோம்மா" என்று கெஞ்சிக்கொண்டு போவதும், தெருவில் எல்லோருக்கும் நல்ல பொழுதுபோக்கு.

அது போகட்டும், வீட்டுச் சண்டை. வயிற்றில் அடித்தது வேறு. எரிவாயு போடும் இடம் ஊருக்கு அந்தக் கோடியில் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. விடிகாலையில் போனாலும் எனக்கு முன்னால் ஆட்டோ வரிசை பாலத்தைத் தாண்டி நிற்கும். சிலிண்டர் நிறைந்து நான் திரும்புவதற்குள் பள்ளியில் மணி அடித்திருக்கும், பிள்ளைகள் மூடிய கேட்டுக்கு வெளியே பையோடு நிற்கும். தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டு, "இன்னொரு தடவை இப்படி ஆனா நாங்க வேற வேன் பார்த்துக்கிறோம்" என்று சிரித்த முகமாகவே சொல்லிவிட்டார். இந்த நேரத்தில்தான் எங்கள் குடியிருப்புக்கு எதிரே உள்ள காலி மனையில் எரிவாயு நிலையம் வைக்கப்போகிறார்கள் என்று தெரிந்தது. எனக்கு உயிர் வந்தது. ஆனால் சுற்றியிருப்பவர்கள் ஆதரவு கொடுத்தால்தான் வைப்பார்களாம், இல்லையென்றால் வேறு பேட்டைக்குப் போய்விடுமாம். எங்கள் ஆட்கள் முற்றத்தில் ஒரு பூந்தொட்டியை நகர்த்தக்கூட ஆதரவு கொடுத்ததில்லை, மச்சான். என் பிழைப்பு அன்றோடு சரி என்றுதான் நினைத்தேன்.

கருத்துக் கேட்க வருவதாக நகராட்சி இன்ஜினியரம்மா காவலாளியிடம் போனில் சொல்ல, அவர் காதில் விழுந்தபடியே "கேஸ் பற்றி அனைவரும் பேச வரவும்" என்று சாக்பீஸால் எழுதினார். எங்கே எழுதினார்? "லிப்ட் வேலை செய்யாது" என்று ஏற்கெனவே தொங்கிக்கொண்டிருந்த பலகையின் கீழே. எங்கள் லிப்ட் செத்துப் பல மாதம் ஆகிறது. லிப்ட் கம்பெனி மேல் வழக்குப் போட்டே தீருவேன் என்று சங்கச் செயலாளர் கூவிக்கொண்டிருக்கிறார், ஒரு கூட்டத்துக்கும் ஆள் சேர்ந்ததில்லை. அந்தப் பலகையைப் பார்த்துவிட்டு மொத்தக் கட்டடமும் மூச்சிரைக்கப் படியிறங்கி வந்துவிட்டது. வாயுத் தொல்லை உள்ள மூன்றாம் மாடிப் பெரியவர் மட்டும் வைத்திய முகாம் என்று நினைத்து, இலவசமாக மாத்திரை கொடுப்பார்கள் என்று மருமகளோடு முன்வரிசையில் வந்து உட்கார்ந்தார்.

இன்ஜினியரம்மா பாவம், வேலைக்குப் புதிது. இவ்வளவு கூட்டத்தைப் பார்த்ததும் நெகிழ்ந்துபோய், "கேஸுக்கு இத்தனை பேர் வந்ததை நான் பார்த்ததே இல்லை" என்று ஆரம்பித்தார்.

"எவ்வளவு நாள் இழுக்கும்?" என்றார் செயலாளர்.

"இழுக்காது சார். நீங்க ஆதரவு குடுத்தா ஒரு வருஷத்துல முடிச்சிடலாம்."

வழக்கு ஒரே வருஷத்தில் முடியுமா! கைதட்டல்.

"செலவு எங்க தலையிலயா?"

"ஒரு பைசா கிடையாது. முழுக்க கம்பெனியே போடும்."

இன்னும் பெரிய கைதட்டல். "அழுத்தம் அதிகமா இருக்குமே, பரவாயில்லையான்னு சிலர் கேப்பாங்க..." என்று அவர் தொடங்கியதும் செயலாளர் எழுந்து நின்று, "எந்த அழுத்தம் வந்தாலும் நாங்க தாங்குவோம்!" என்று முழங்கினார். "லீக் ஆனா உடனே வாசனை காட்டிக் குடுத்துடும்" என்று சொன்னதும் நாற்பது கண்ணும் இரண்டாம் மாடி அம்மாளைப் பார்த்தன, சங்க ரகசியங்களை வெளியே விடுகிறவர் அவர்தான். பெரியவர் மட்டும் கையைத் தூக்கி, "எனக்குச் சாப்பிட்டவுடனே ஜாஸ்தியா இருக்கும்மா" என்றார்.

எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. எழுந்து, "ஐயா, ஒரு நிமிஷம்" என்றேன். "வேன்காரரே, முக்கியமான விஷயம் போய்க்கிட்டிருக்கு, உக்காருங்க" என்றார்கள். உட்கார்ந்தேன். பெண்கள் வரிசையில் தங்கள் தங்கை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் விளங்கிவிட்டது. அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், என் கதை முடிந்தது. நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கேஸ் வேணும்கிறவங்க கையைத் தூக்குங்க" என்றதும் எல்லாக் கையும் மேலே போயின, அவள் கை ஒன்றைத் தவிர. இன்ஜினியரம்மா மகிழ்ச்சியோடு வரைபடத்தை விரித்து, எங்கே குழாய் வரும், வண்டிகள் எங்கே நிற்கும் என்று காட்டத் தொடங்கினார். செயலாளரின் முகம் மாறியது. "இது எந்த கேஸ்?" என்றார். "வண்டிக்குப் போடற கேஸ் சார்." "வண்டி மேல எதுக்கு கேஸ் போடறீங்க, கம்பெனி மேலல்ல போடணும்?" அப்புறம் ஒரே கூச்சல். ஏமாற்று வேலை என்றார் ஒருவர். வெடித்துவிடும் என்றார் ஒருவர். தூக்கிய கையெல்லாம் செல்லாது என்றார் செயலாளர். இன்ஜினியரம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது, ஆனாலும் நேர்மையாக, "சரி, புரிஞ்சிக்கிட்டு மறுபடியும் தூக்குங்க" என்றார். என் கையைத் தவிர ஒரு கைகூட எழவில்லை.

அப்போது தங்கள் தங்கை எழுந்தாள். "ஒண்ணே ஒண்ணு கேக்குறேன், மறைக்காம சொல்லும்மா. சிலிண்டர் மேல உக்கார்ற பிள்ளைங்களுக்கு ஒண்ணும் ஆகாதே?" இன்ஜினியரம்மா மூக்கைத் துடைத்துக்கொண்டு, "என் பொண்ணு தினமும் கேஸ் வேன்லதாங்க பள்ளிக்கூடம் போறா. சிலிண்டரை முறையா சோதிச்சு ஓட்டினா பயமில்ல. நம்பாமலா நான் அனுப்புவேன்?" என்றார். தங்கள் தங்கை என்னை ஒரு தடவை பார்த்தாள். கையைத் தூக்கினாள். அடுத்து, என் வேனில் பிள்ளைகளை அனுப்பும் தாய்மார்கள் ஒவ்வொருவராகத் தூக்கினார்கள். அவர்கள் தூக்கியதும் கணவன்மார்களுக்கு வேறு வழியில்லை. பெரியவர் இரண்டு கையையும் தூக்கினார்.

மச்சான், எனக்கு அழுகையே வந்துவிட்டது. படியேறும்போது, "ஏம்மா, இவ்வளவு பயந்தியே, ஏன் தூக்கின?" என்று கேட்டேன். "நீங்க அங்க மூஞ்சியை அப்படி வச்சிக்கிட்டு உக்காந்திருந்தீங்க. பாக்க சகிக்கல" என்றாள். மறுநாள் காலையில் வேனின் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து, கதவை அறைந்து சாத்தி, "காய்கறிக் கடைக்கு விடுங்க. மெதுவா" என்றாள்.

செயலாளரின் கோபமும் தீர்ந்துவிட்டது. கட்டடமே திரண்டு கேஸுக்குக் கை தூக்கியது என்ற செய்தி (இரண்டாம் மாடி அம்மாள் வாழ்க) லிப்ட் கம்பெனி வரைக்கும் போய், அவர்கள் பயந்துபோய் உடனே ஆள் அனுப்பிப் பழுது பார்த்துவிட்டார்கள். செயலாளர் நாள் முழுக்க மேலும் கீழும் போய்வந்துகொண்டிருக்கிறார். நிலையத்துக்கு மேலிடத்தில் ஒப்புதலும் ஆகிவிட்டது. நிலையம் திறக்கும்வரை வரிசையில் தாமதமானால் பொறுத்துக்கொள்வதாகச் சொல்லி, தலைமையாசிரியை இந்தத் தடவை நிஜமாகவே சிரித்தார். இவ்வளவுதான் விஷயம். வக்கீல் வேண்டாம், டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், நிம்மதியாகத் தூங்குங்கள்.

அக்காவுக்கு என் வணக்கம், குழந்தைகளுக்கு என் அன்பு. தங்கள் ஆசி எங்களுக்கும் வேனுக்கும் என்றும் வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் தங்கைக்கு வாய்த்தவன்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது கீழே சத்தம். லிப்ட் நடுவழியில் நின்றுவிட்டது. உள்ளே செயலாளரும் அந்தப் பெரியவரும். "கேஸ் தாங்க முடியல, கதவைத் திறங்க" என்று செயலாளர் கத்துகிறார், எந்தக் கேஸ் என்று இந்தத் தடவை யாரும் கேட்கவில்லை. எல்லாம் என்னால்தான் என்றும், வெளியே வந்ததும் முதல் வேலையாக என் மேல் கேஸ் போடப்போவதாகவும் சொல்கிறார். ஆகவே மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிட்டு, வக்கீலோடு உடனே புறப்படவும். ரயிலடிக்கு வேன் வரும். முன்சீட்டு இனிமேல் தங்கள் தங்கையுடையது. தாங்களும் வக்கீலும் பின்னால், சிலிண்டர் மேல்.