மல்லியிடமிருந்து நான் உருவிய பொருள்

தொங்குகிற நூலைக் கண்டால் என்னால் சும்மா இருக்க முடியாது. சட்டைப் பொத்தானில் தொங்கினாலும் சரி, பேருந்தில் முன்சீட்டுக்காரரின் ஸ்வெட்டரில் தொங்கினாலும் சரி, இழுத்துப் பார்த்துவிட வேண்டும். இந்த வியாதியால் சில பொத்தான்களும் ஒரு நண்பரும் போனதோடு சரி என்று நினைத்திருந்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை வரை.

என் மனைவி வசந்தியின் அண்ணன் பழனிசாமி, ராமாபுரத்திலிருந்து மைசூருக்கு வந்தவர். விஜயநகரில் லேஅவுட் ரோடெல்லாம் முடிகிற இடத்தில் இரண்டு மாடு வைத்து, சுற்றியுள்ள வீடுகளுக்குப் பால் ஊற்றுகிறார். அதில் மல்லி, அவர் இங்கே வந்ததும் வாங்கிய முதல் மாடு. அதுதான் கன்று போட்டு வெகு நாளாகியும் மறுபடி சினை பிடிக்காமல் நின்றிருந்தது. ஊமைப் பருவமாம். உள்ளே எல்லாம் முறைப்படி நடக்கும். வெளியே ஒரு கத்தல், ஒரு அடையாளம் இருக்காது. தெரிய வருவதற்குள் பருவம் கடந்துபோயிருக்கும்.

"இந்த ஒருக்கா பாப்போமுங்க மாப்ள. இல்லீன்னா சந்தைதான்" என்றார் மச்சான். அவர் மனைவி சரசு எழுந்து மல்லியிடம் போய் நின்றுகொண்டாள்.

'இந்த ஒருக்கா' என்பது என்ன வைத்தியம் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. அந்த வீட்டில் மாப்பிள்ளைக்கு அவ்வளவு மரியாதை. காளை என்ற சொல்லைக்கூட என் எதிரில் குரல் தாழ்த்தித்தான் சொல்வார்கள். ஊரில் ஒரு கல்யாணத்துக்கு வசந்தியையும் கூட்டிக்கொண்டு அவர்கள் புறப்பட்டபோது, மாடுகள் என் பொறுப்பாயின. சரசு தவிடு, தண்ணீர், வைக்கோல் எல்லாம் விளக்கமாகச் சொன்னாள். கடைசியில் தரையைப் பார்த்துக்கொண்டு, "மாட்டு டாக்டரம்மா வந்து பாத்துட்டுப் போயிருக்காங்ண்ணா. மத்தபடி ஒண்ணுமில்லீங்க" என்றாள்.

அந்த 'மத்தபடி'தான் மல்லியின் வாலுக்குக் கீழே தொங்கிக்கொண்டிருந்தது. நீல நூல்.

நம் ஊர் மாடுகள் குப்பைத்தொட்டியில் பிளாஸ்டிக் தின்பது எனக்குத் தெரியும் (இதைப் பற்றி வாட்ஸப்பில் நிறைய பேருக்கு அறிவுரை அனுப்பியவன் நான்). பாவம், வாயில்லா ஜீவன், தின்றதன் முனை மட்டும் வெளியே வந்திருக்கிறது! "கொஞ்சம் பொறுத்துக்கோடா கண்ணு" என்று தட்டிக்கொடுத்து மெல்ல இழுத்தேன். வரவில்லை. தெய்வத்தை நினைத்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் இழுத்தேன்.

'ப்ளக்' என்று வந்தது, இரண்டு பக்கமும் இறக்கை விரித்த ஒரு பொருள். மாட்டின் எலும்பையே உருவிவிட்டேன் என்றுதான் முதலில் தோன்றியது. பிறகு போலீஸ் நினைவுக்கு வந்தது. அதைவிடக் கொடுமையாக, வசந்தி நினைவுக்கு வந்தாள்.

பயத்தில் மனிதன் செய்யும் காரியங்களுக்குக் கணக்கில்லை. நான் அதை வெந்நீரில் பாத்திரம் தேய்க்கும் சோப்புப் போட்டுக் கழுவி, கிளிப் மாட்டித் துணிக்கொடியில் காயப்போட்டேன். பிறகு போன் செய்தேன்.

"வசு, மாட்டுக்குள்ளேருந்து ஒரு ஆன்டெனா வந்துடுச்சு."

"வந்துச்சா? நீங்க எடுத்தீங்களா?"

அவள்தான் டாக்டரம்மாவுக்குச் சொன்னாள். ஸ்கூட்டரை நிறுத்தும்போதே அவர் கண் கொடியின் மேல் விழுந்துவிட்டது.

"அய்யோ தேவ்ரே! இதை யாரு துவைச்சது?" என்றார், கன்னடமும் தமிழும் கலந்து.

"நான்தான் மேடம். சுத்தமா இருக்கட்டும்னு... மாட்டு உயிருக்கு ஒண்ணும்...?"

"மாடு சென்னாகிதே சார். நல்லா இருக்கு. நீங்கதான் வெள்ளையாயிட்டீங்க. உக்காருங்க."

உட்கார்ந்தேன். அந்தப் பொருளில் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் இருக்கிறதாம். உள்ளே இருக்கும்வரை மாட்டின் உடம்பிடம் 'பொறு, பொறு' என்று சொல்லிக்கொண்டே இருக்குமாம். குறித்த நாளில் எடுத்துவிட்டு ஊசிகளும் போட்டால், பருவம் நாம் வைத்த நேரத்துக்கு வரும். மாடு கத்தினாலும் கத்தாவிட்டாலும் கடிகாரம் பார்த்துச் சினை ஊசி போட்டுவிடலாம்.

"நீங்க அந்தக் கடிகாரத்தைத்தான் தோய்ச்சுக் காயப்போட்டிருக்கீங்க" என்றார்.

நீளக் கையுறை மாட்டி மல்லியைச் சோதித்தார். அதிர்ஷ்டம், சினைப்பையில் கரைக்கக்கூடிய கட்டி ஒன்று இருந்தது; அது கரைந்தால் பருவம் தானே வருமாம். அதைக் கரைக்கும் ஊசியை அப்போதே போட்டார். "பருவம் வரும். எப்பன்னு இப்ப நான் சொல்ல முடியாது, மாடுதான் சொல்லணும். யாராவது கூடவே இருந்து பாக்கணும்."

"யாரு பாக்கறது?" என்றது போன் ஸ்பீக்கரில் மச்சானின் குரல். சோர்ந்திருந்தது.

"கழட்டினவரே பாக்கட்டும்" என்றாள் வசந்தி, அதே போனில்.

ஆபீசுக்கு லீவு சொன்னேன் (காரணம்: குடும்பத்தில் ஒரு பிரசவ விஷயம்). முக்காலி போட்டு மல்லியின் எதிரில் உட்கார்ந்தேன். அது அசைபோட்டது. வாலைத் தூக்கியது, டாக்டருக்குப் போன் அடித்தேன். "சார், சாணி போடுதான்னு பாருங்க." போட்டது. கத்தல் கேட்டது, மறுபடி அடித்தேன். "கத்தினது எந்த மாடு?" பார்த்தேன். மற்ற மாடு. கல்யாணத்திலிருந்து திரும்பிய சரசு என்னைத் திட்டவில்லை. சாப்பாட்டைத் தட்டில் கொண்டுவந்து தந்துவிட்டு, மல்லியின் கழுத்தைத் தடவிக்கொண்டே நின்றாள். திட்டியிருந்தால் தேவலை.

அப்புறம் ஒரு காலை. தண்ணீர் வாளியை எடுக்கக் குனிந்தேன். முதுகில் ஏதோ கனமாக, சூடாக இறங்கியது. காதருகே பெருமூச்சு. அலறியடித்துப் பாய்ந்ததில் சாணிக்குழிக்குள் முழங்கால்வரை இறங்கிவிட்டேன். அங்கிருந்தே போன்.

"மேடம், மல்லி என்னைத் தாக்குது! முதுகுல தாடையை வெச்சு அழுத்துச்சு!"

"தாடையா? முதுகு மேலயா? சார், அல்லாடபேடி! அங்கேயே அசையாம இருங்க, நான் வர்றேன்!"

பருவம் வந்த பசு பக்கத்துப் பசுவின் முதுகில் தாடை வைக்குமாம். யாரிடமும் வாய் திறக்காத மல்லி, என்னைப் பசு என்று நம்பி விஷயத்தைச் சொல்லியிருக்கிறது. சரசு ஓடிவந்து பார்த்தாள். பருவத்தின் அடையாளமாக, இந்த முறை கண்ணாடிபோல் தெளிவாக வழும்பு இறங்கியிருந்தது. டாக்டரம்மா வந்து பார்த்து உறுதிசெய்துவிட்டு, சாயங்காலம் மறுபடி வந்து சினை ஊசி போட்டார்.

சில மாதம் கழித்துச் சோதித்துவிட்டு டாக்டரம்மா சிரித்தார். சரசு மாப்பிள்ளை மரியாதையை எல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு, வாசலில் நின்று தெருவுக்கே கேட்கக் கத்தினாள்: "அண்ணா! நம்ம மல்லி சினையாயிருச்சுங்ண்ணா!" மச்சான் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வேர்வை என்றார். நாள் நிறைந்து கிடேரிக் கன்று பிறந்தது.

இப்போதும் மல்லி அவர்களிடம் ஊமைதான். பருவ நேரம் நெருங்கினால் மச்சான் போன் செய்துவிடுவார்: "மாப்ள, ஒரு ரெண்டு நாள் வந்து குனிஞ்சுட்டுப் போங்க." நானும் போய்க் குனிகிறேன்.

போன வாரம் பக்கத்துத் தோட்டத்துக்காரர் வசந்தியிடம், தன் மாடும் அப்படித்தான், உங்க வீட்டுக்காரரைக் கொஞ்சம் இரவல் தர முடியுமா என்று கேட்டாராம்.

"தாராளமா கூட்டிட்டுப் போங்க" என்றாளாம் வசந்தி. "திருப்பிக் கொண்டுவர்றப்போ மட்டும் குளிப்பாட்டிக் கொண்டாங்க."