மைக்கண்ணன் வீட்டில் அழத் தடை

அழுதால் புற்றுநோய் வளரும் என்று நான் நம்பினேன். ஒவ்வொரு சொட்டுக் கண்ணீரும் நேராகக் கட்டிக்குப் போய்ச் சேரும் என்பது என் விஞ்ஞானம். எட்டாம் வகுப்பில் அந்தப் பாடத்தில் நான் வாங்கிய மதிப்பெண்ணைச் சொல்லமாட்டேன்.

அருமனை வட்டாரத்தில் மைக்கண்ணன் அறிவிக்காமல் எவரும் செத்ததில்லை. ஆட்டோவின் தலையில் குழாய் ஸ்பீக்கர் கட்டி மரண அறிவிப்பு செய்வது அவர் தொழில். அவர் குரலில் கேட்டால்தான் சொந்தக்காரர்களுக்கே நம்பிக்கை வரும். ஒருமுறை மூச்சிழுத்துக்கொண்டிருந்த ஒருவரை அவசரப்பட்டு அறிவித்துவிட்டார். மறுநாள், 'நேற்றைய அறிவிப்பு தள்ளிவைக்கப்படுகிறது' என்று தெருத்தெருவாகச் சொல்லிப் போனார்.

அவருக்கே கல்லீரலில் கட்டி, எலும்புவரை பரவிவிட்டது என்று தெரிந்தது. உடனே, பக்கத்து வீட்டுக்காரன் என்ற உரிமையில், அந்த வீட்டில் அழுகைக்குத் தடை போட்டேன். குழித்துறையிலிருந்து மூக்கைச் சிந்தியபடி வந்த அவர் தங்கையை வாசலில் மறித்து, முகம் கழுவவைத்து, இரண்டு தடவை சிரித்துக் காட்டச் சொல்லித்தான் உள்ளே விட்டேன். ஜெபத்துக்கு வந்த சபைக்காரர்களிடம், "உருக்கமாட்டு ஒண்ணும் வேண்டாம், கைதட்டுத பாட்டா பாடுங்க" என்றேன். அண்ணன் "மக்கா, எனக்கு..." என்று தொடங்கினால் போதும், ஒரு ஜோக்கைச் சொல்லி வாயை அடைத்துவிடுவேன்.

"இவியளுக்குச் சோறு எறங்கல்ல, உறக்கமும் இல்ல, கேட்டியளா?" என்றார் அவர் மனைவி, எனக்கு மைனி.

நான் ஜோக்கின் அளவைக் கூட்டினேன்.

ஒரு நாள் காலை கடையில் பழம் வாங்கிக்கொண்டிருந்தேன். குழாயில் அவர் குரல்: "மைக்கண்ணன் என்று அன்போடு அழைக்கப்படும்..."

செத்தவரே வந்து அறிவிக்கிறார் என்று என் மூளை தீர்மானித்தது. ஒற்றைச் செருப்போடு ஓடினேன். பாதி வழியில் குரல் நின்றது. பிறகு தெரு முழுக்க ஒரு விம்மல் கேட்டது.

முற்றத்தில் நின்ற ஆட்டோவுக்குள் மைக்கும் கையுமாக உட்கார்ந்திருந்தார்.

"அண்ணா, என்ன காரியம் செஞ்சிய? எனக்க உயிரே போச்சு!"

"ஒனக்க உயிரு அங்கதான் கெடக்கும். எனக்க அறிவிப்ப முன்கூட்டியே பதிஞ்சு வச்சிரலாம்னு பாத்தேன். எனக்க பேரத் தாண்டி நாக்கு நீங்கல்ல லே."

"பதியதுக்கு ஸ்பீக்கர் எதுக்கு?"

"பயமாட்டு இருக்கு மக்கா. நாலு மாசமாட்டு சொல்ல வாறேன். நீ கேட்டியா? மைக்குல சொன்னா ஓடி வருவேல்லா?"

வழக்கம்போல எனக்கு ஒரு ஜோக் வந்தது. வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்தது. அவரும் அழுதார். மைனி ஓடிவந்து ஆட்டோவில் நெருக்கியடித்து உட்கார்ந்து அழுதார். மைக்கை அணைக்க யாருக்கும் தோன்றவில்லை. சந்தை வரைக்கும் கேட்டதாம்.

அழுது ஓய்ந்ததும் கஞ்சி கேட்டார். அரைக் கிண்ணம் இறங்கியது.

அதன்பின் ஐந்து மாதம் இருந்தார். கண்ணீர் அந்த நாட்களைக் கூட்டியதா குறைத்ததா என்று எனக்குத் தெரியாது. பயம் போகவில்லை. அது வந்தபோதெல்லாம் சொன்னார். நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன்.