உள்ளூருக்கு எக்ஸ்பிரஸ் கிடையாது

"எக்ஸ்பிரஸ் ஓடினப்போ நாப்பது நிமிஷத்துல வந்து நிப்பா என் பொண்ணு—"

"நான் என்ன எக்ஸ்பிரஸை நிறுத்தச் சொல்லியா எழுதினேன்? டவுன் பஸ் விடுங்கன்னுதானே—"

"எழுதினீங்கல்ல! கை சும்மா இருந்துச்சா?"

மனைவி இப்படிக் கேட்டதும் ரிட்டயரான குமாஸ்தா பேப்பரைப் பிரித்து முகத்தை மறைத்துக்கொண்டார். ஊரை நகரத்தோடு சேர்க்கச் சொல்லி, வீடு வீடாகக் கையெழுத்து வாங்கி மனுப் போட்டவர் அவர்தான். மகள் நகரத்து ஆஸ்பத்திரியில் நர்ஸ். சனிக்கிழமை மூன்று மணிக்கு டியூட்டி முடிந்து ஓடி வருவாள். வீட்டைக் கலகலப்பாக்கிவிட்டு ஒன்பதுக்குள் ஹாஸ்டல் திரும்பியாக வேண்டும். டவுன் பஸ் வந்தால் தினம்கூட வருவாளே என்று அவருக்கு ஒரு நப்பாசை.

சேர்த்தார்கள். மறுநாளே டவுன் பஸ் வந்தது, எக்ஸ்பிரஸ் நின்றது.

"உள்ளூருக்குள்ள யாராவது எக்ஸ்பிரஸ் விடுவாங்களா சார்?" என்றார் பஸ் ஆபீஸ் அதிகாரி.

உள்ளூர்தான். போன வருஷம்வரை சோளம் விளைந்த இடத்துக்கு இப்போது எட்டாவது குறுக்குத் தெரு என்று பெயர்.

சரி, வருகிறவள் நடக்காமலாவது வரட்டும் என்று தன் வீட்டு வாசலில் ஒரு ஸ்டாப் கேட்டு எழுதினார். கொடுத்தார்கள். அதைப் பார்த்து வழியில் இருந்த தெருவெல்லாம் எழுதியது. ஸ்டாப் முப்பதானது, பஸ் ஊர்ந்தது. பதறிப்போய், குறைக்கச் சொல்லி எழுதினார். அதிகாரிகள் ஒவ்வொரு ஸ்டாப்பிலும் இறங்கி மக்கள் கருத்தைக் கேட்டார்கள். நாற்பத்தொன்றானது.

மகள் வந்து ஏழு சனிக்கிழமை ஆகிவிட்டது. போன் பண்ணினால், "டியூட்டி மாத்திட்டாங்கப்பா" என்பாள்.

"அவளுக்கு நாம அலுத்துப் போயிட்டோம்ங்க," என்றாள் மனைவி. "அதுக்கும் ஒரு மனு எழுதுங்களேன், பெத்தவங்களை வந்து பாக்கச் சொல்லி."

அவர் வாசலுக்கு வந்தார். பஸ் வந்து நின்றது. எல்லோரும் இறங்கினார்கள். அவள் இல்லை.

"தம்பி," என்று கண்டக்டரைக் கூப்பிட்டார். "ஒல்லியா, கண்ணாடி போட்டு, ஒரு நர்ஸ் பொண்ணு... எப்பவாச்சும் இந்தப் பக்கம்..."

"நீலப் பை வச்சிருப்பாங்களே, அவங்களா? வாராவாரம் ஏறுறாங்க சார்! முப்பத்தஞ்சாவது ஸ்டாப்லயே மணி ஆறாயிடும், அப்பவே திரும்பலேன்னா ஹாஸ்டலைப் பூட்டிடுவாங்கன்னு இறங்கி எதிர் பஸ்ல ஏறிடுவாங்க. இன்னிக்குக்கூட அப்படித்தான். வீட்ல சொல்லிட வேண்டியதுதானேன்னேன். அவங்கப்பா ஆசை ஆசையா எழுதி வாங்கின பஸ்ஸாம், தெரிஞ்சா மனசு ஒடைஞ்சிடுவாராம்... ஆமா, நீங்க அவங்களுக்கு என்ன வேணும் சார்?"