ஒற்றைக் கை கவுன்

12 ஏப்ரல் 1986, சனிக்கிழமை.

நேற்றைய குறிப்பில் ஒரு பிழை. பொத்தானுக்கு நான் காஜா எடுக்கும் இடத்தைத் 'தையல் கடை' என்று எழுதிவிட்டேன். அது 'பேஷன் ஹவுஸ்'. அடித்துத் திருத்தியிருக்கிறேன். நாகரிகம் பாரிசில்தான் பிறக்கிறது என்று இன்னும் நம்புகிறவர்கள் ஒரு தடவை திண்டுக்கல்லுக்கு வந்து பார்க்க வேண்டும். பஸ் நிலையத்தில் யாரைக் கேட்டாலும் எங்கள் 'ஹவுசு'க்கு வழி சொல்வார்கள். பழைய பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

பழைய பெயர் 'சிலுவைமுத்து டெய்லர்ஸ்'. பொங்கல் முடிந்த கையோடு கடையின் 'உயர்மட்டக் கூட்டம்' இஸ்திரி மேசையைச் சுற்றி நடந்தது. தலைமை, முதலாளி சிலுவைமுத்து அண்ணன். உறுப்பினர்கள், தையல் மெஷின் ஓட்டும் ரோசலின் அக்காவும் நானும். இஸ்திரிப் பெட்டி சூடாக இருந்ததால் விவாதமும் சூடாகவே இருந்தது.

“ஏலே, நீ சாயங்காலம் இங்கிலீசு கிளாசுக்குப் போறவன்தானே. டிசைனர்னா என்னலே அர்த்தம்?” என்று அண்ணன் என்னைக் கேட்டார்.

“வடிவத்தை யோசிக்கிறவர்னு டிக்சனரியில இருக்குண்ணே.”

“தைக்கிறதப் பத்தி?”

“ஒண்ணும் போடலண்ணே.”

அன்றோடு அண்ணன் தைப்பதை நிறுத்தினார். பெயரில் இருந்த சிலுவையையும் இறக்கிவைத்தார். கடை 'ஹவுஸ் ஆஃப் சில்வா' ஆனது. புதுப் பலகையைப் பார்த்துவிட்டு முதல் வாரம் வந்தவர்கள், வீட்டில் எத்தனை அறை, தண்ணீர் வருமா என்று விசாரித்தார்கள். புகழ் இப்படித்தான் ஆரம்பிக்கும் என்று நினைக்கிறேன். நான் நினைப்பது தவறாகவும் இருக்கலாம்.

இன்று அந்தப் புகழ் உச்சிக்குப் போனது. நடிகை சொப்னரேகா ஒரு பூட்டுக் கடையைத் திறந்துவைக்கச் சென்னையிலிருந்து வந்திருந்தார். வரும் வழியில், விழாவுக்குப் போட வைத்திருந்த கவுனில் காபி கொட்டிவிட்டதாம். அவருடைய மானேஜர் காலையிலேயே எங்களிடம் ஓடிவந்தார்.

கடையில் இருந்தது ஒரே கவுன். வெள்ளை சாட்டின். திங்கட்கிழமை நடக்கப்போகும் தன் கல்யாணத்துக்காகப் பிரிஸ்கில்லா தைக்கக் கொடுத்தது. துணி, அவளுடைய மாமா சிங்கப்பூரிலிருந்து அனுப்பியது.

“இது கல்யாணக் கவுன்ல?” என்றார் மானேஜர்.

“கல்யாணப் பொண்ணு போட்டா கல்யாணக் கவுன். மேடம் போட்டா டிசைனர் கவுன்,” என்றார் அண்ணன்.

“ரெண்டு கையும் இருக்கே. மாதாகோயில் ஞாபகம் வருது.”

அண்ணன் செத்த நேரம் யோசித்தார். ஒரு டிசைனர் யோசிப்பதை நான் நேரில் பார்த்தது அதுவே முதல் தடவை. பிறகு கத்தரியை எடுத்து, கவுனின் இடது கையைத் தோளோடு வெட்டினார்.

“அண்ணே, அது பிரிஸ்கில்லாவோடது,” என்றார் ரோசலின் அக்கா.

“சாயங்காலம் கவுனு திரும்பி வந்துரும். கைய மறுபடி வச்சுத் தச்சுப்புடலாம். அம்புட்டுதான்.”

மேடையில் நடிகை ஒற்றைக் கையோடு தோன்றியதும் கூட்டம் விசிலடித்தது. ஒலிபெருக்கி எங்கள் நிறுவனத்தை 'அவுசாப் சிலுவை' என்று அறிவித்தது. அண்ணன் அதற்கும் கண் கலங்கினார். விழா முடிந்ததும் நடிகை அதே கவுனோடு காரில் ஏறி, கொடைக்கானல் படப்பிடிப்புக்குப் போய்விட்டார். மானேஜரும் போய்விட்டார்.

ஐந்து மணிக்குப் பிரிஸ்கில்லா கவுனைப் போட்டுப் பார்க்க வந்தாள்.

“உன் கவுனு இப்ப உசந்த எடத்துக்குப் போயிருச்சும்மா,” என்றார் அண்ணன்.

“எந்த எடம்ணே?”

“கொடைக்கானல்.”

அவள் தொங்கவிட்ட துணிகளுக்கு நடுவே தன் கவுனைத் தேடினாள்.

“பேப்பர்ல போட்டோ வரும். உனக்கு ஒரு பேப்பர் எடுத்து வைக்கிறேன்.”

“பேப்பரச் சுத்திக்கிட்டா பீடத்துக்கு முன்னால நிக்கச் சொல்றீங்க?”

அண்ணன் மேசையில் கிடந்த அந்தக் கையை அழகாக மடித்து, நிறுவனத்தின் பெயர் அச்சிட்ட பையில் போட்டு நீட்டினார். பிரிஸ்கில்லா பையைத் திறந்து பார்த்தாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன்.

“திங்கக்கிழமை விருந்துக்கு வந்துருங்கண்ணே,” என்றாள். “சாப்பிட ஒரு கை போதும்ல.”

ரோசலின் அக்கா மெஷினை மூடிவிட்டு எழுந்தார். “நீ வா பிள்ள. வெள்ளச் சேலை கட்டிக்கிட்டும் கல்யாணம் நடக்கும். ரவிக்கைய நான் வீட்டுல வச்சுத் தச்சுத் தாரேன்.” போகும்போது அவர் அண்ணனைப் பார்க்கவில்லை.

'ஹவுஸ் ஆஃப் சில்வா' ஒரு மணப்பெண்ணைக் கைவிட்டுவிட்டது என்று ஊர் பேசக்கூடும். பொறாமைக்காரர்களின் அவதூறு என்று எழுதத் தொடங்கினேன். எழுதும்போது 'கைவிட்டது' என்ற சொல்லைப் பிரித்துப் பார்த்தேன். சரியாகத்தான் இருக்கிறது. கவுனை எடுத்துக்கொண்டோம். கையை மட்டும் விட்டோம்.

நாளைய வேலை: முதல் பூசை முடிந்ததும் ரோசலின் அக்காவோடு சின்னாளபட்டிக்குப் போய் வெள்ளைச் சேலை எடுப்பது. மாலைக்குள் ரவிக்கைக்குக் கொக்கி வைத்து முடிப்பது. கை, இரண்டு.